யாருடைய செருப்பு?

கலை என்பது தனிமனித அனுபவம், ஒரு படைப்பின் முன்னால் நிற்பவர் அதில் தன்னைக் கண்டுகொள்கிறார் என்று நம் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரி, இருக்கட்டும். அப்படிக் கண்டுகொண்டதை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல எல்லோராலும் முடிகிறதா? இந்தக் கேள்வி ஒன்றுதான் இந்தக் கட்டுரை. இதற்கு நான் முதலில் வைத்திருந்த பதில் தப்பு என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு பெண் விஸ்காம் படிக்கிறாள். பேரை எழுதக் கூடாது, காலேஜ் பேரையும் எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அந்த நிபந்தனைக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இருக்கிறது, போகப்போகத் தெரியும். வகுப்பில் அவர்களுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். உன்னைத் தொட்ட ஒரு கலைப்படைப்பைத் தேர்ந்தெடு; அது உனக்குச் சொந்தமாக என்ன அர்த்தம் தருகிறது என்று எழுது; அதற்குப் பதில் சொல்வது போல நீயே ஒன்றைச் செய்து காட்டு. நல்ல புராஜெக்ட்தான். மனப்பாடம் பண்ணி வாந்தியெடுக்கிற படிப்புக்கு நடுவில் இப்படி ஒன்று வந்ததே பெரிய விஷயம்.

ஒரு சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, இதப் பாரேன். நம்ம வூட்டுப் பரண்ல கெடக்குற பூட்ஸ் மாரியே கீது.”

வான்கோவின் செருப்புப் படம். ‘செருப்பு’ என்றால் தோல் பூட்ஸ் ஜோடி. 1886இல் பாரிஸில் வரைந்தது, இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாடா அவிழ்ந்து, வாய் பிளந்து, உழைத்துக் களைத்து உட்கார்ந்திருக்கிற இரண்டு பூட்ஸ். சுற்றிலும் ஆள் இல்லை, வீடு இல்லை, வயல் இல்லை.

அவள் வீட்டுப் பரணில் கிடப்பது அவள் அம்மாவுக்கு வேலையில் கொடுத்த ரப்பர் பூட்ஸ். ராயபுரம், காசிமேடு பக்கம் அவர் துப்புரவு வேலை செய்கிறார். ‘தூய்மைப் பணியாளர்’ என்று பேரை மாற்றிவிட்டார்கள், வேலை மாறவில்லை. கொடுத்தது ஆம்பளை சைஸ் ஒன்பது. அவர் காலோ ஐந்து. போட்டால் நடக்க முடியாது, நடந்தால் விழவேண்டும். அதனால் பூட்ஸ் பரணிலும் அவர் கால் ரப்பர் செருப்பிலும் இருக்கின்றன. பூட்ஸ் கொடுத்ததற்குக் கையெழுத்து மட்டும் நோட்டில் இருக்கிறது.

*

இந்த ஒரு ஜோடி பூட்ஸை வைத்து ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சண்டை அது.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1930களின் நடுவில் கலைப்படைப்பின் தோற்றுவாய் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அதில் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, இது ஒரு குடியானவப் பெண்ணின் பூட்ஸ் என்றார். அவள் நடந்த வயல், மண்ணின் ஈரம், பசியின் பயம், பிரசவத்தின் நடுக்கம் எல்லாம் அந்த இருட்டான வாய்க்குள் இருக்கிறது என்று உருகி உருகி எழுதினார். 1968இல் அமெரிக்கக் கலை விமர்சகர் மேயர் ஷாப்பிரோ, இது வான்கோவின் சொந்த பூட்ஸ், அப்போது அவர் நகரத்து ஆள், குடியானவப் பெண்ணை ஹைடெக்கர் தன் மனசிலிருந்து எடுத்துப் படத்துக்குள் போட்டிருக்கிறார் என்று மறுத்தார். 1978இல் தெரிதா இருவரையும் பிடித்துக்கொண்டார். யாருக்காவது இந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும் என்று இரண்டு பேரும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர்கள், இது ஒரு ஜோடிதான் என்பதாவது நிச்சயமா என்று கேட்டார்.

இதில் அரசியல் உண்டு. ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். மண், குடியானவர், பூர்வீகம் என்று அவர் உருகும்போது அந்த மண்ணில் யாருக்கு இடமில்லை என்பதும் கூடவே வருகிறது. ஷாப்பிரோ யூதர். தன் கட்டுரையை அவர் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஒரு யூத அறிஞரின் நினைவுக்கு எழுதினார். செருப்பு யாருடையது என்பது வெறும் கலை விசாரணை இல்லை. நிலம் யாருடையது என்ற விசாரணையும் அதுதான்.

சண்டை போட்ட மூன்று பேரும் போட்டவர் யார் என்றே கேட்டார்கள். தைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகமுடியாது. செருப்புத் தைக்கிறவரைச் சேரிக்கு அனுப்பிய ஊர் இது. தைத்தவரே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்க முடியாது, கழற்றிக் கையில் பிடிக்கவேண்டும் என்று சட்டம் வைத்திருந்த ஊர். சில கிராமங்களில் இன்னும் அந்தச் சட்டம் எழுதாமலே நடக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. இன்றைக்கு அது இருக்கிற இடம் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குப் பக்கத்தில். கலையும் தோலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதா என்பது வேறு.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “அவுங்க மூணு பேரும் அந்த பூட்ஸப் போட்டுப் பாத்தாங்களா மாமா?” என்றாள்.

விமர்சனம் எழுதுகிற நமக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. படத்தில் இருக்கிற பூட்ஸைப் போட்டுப் பார்க்க முடியாதுதான். ஆனால் பரணில் இருக்கிற பூட்ஸைப் போட்டுப் பார்த்தவர் மகள் கேட்கிறாள். அவளுக்கு அது குறியீடு இல்லை, சைஸ் ஒன்பது. ‘சொந்த அர்த்தம்’ என்பது அவளுக்கு ஆழ்மனதிலிருந்து வரவில்லை, பரணிலிருந்து வந்திருக்கிறது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போனேன். வான்கோ தூரம், உழைப்பாளர் சிலை பக்கம், அதையும் பார் என்பது என் எண்ணம்.

தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. 1959 ஜனவரி 25 அன்று திறந்தார்கள். அவர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிற ரங்பூர்ப் பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராக வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவர் சிலைக்கு மாதிரியாக நின்றதாகச் சொல்கிறார்கள். நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நரம்பு புடைத்த உடம்பு, கோவணம், வெறுங்கால். சிங்காரவேலர் 1923 மே 1 அன்று மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரை மணலில்தான், ஐக்கோர்ட்டுக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். அந்த நினைவோடுதான் தோழர்கள் அங்கே போகிறோம், நானும் வருஷா வருஷம் போகிறேன். அது நல்ல சிலை. உடம்பின் வலுவை அவ்வளவு மரியாதையாகக் காட்டிய சிலை நம் நகரத்தில் வேறு இல்லை.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “நாலு பேரும் ஒரே பக்கமா தள்றாங்க இல்ல?” என்றாள். அப்புறம், “பொம்பள ஒண்ணு கூட இல்ல.”

இரண்டுமே சரியான விமர்சனம். முதலாவதை நான் அவளுக்கு வரலாற்றோடு சொன்னேன். 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளிகளை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டானது. மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளிகள் ஒரு பக்கமும் சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளிகள் ஒரு பக்கமும் ஆனார்கள். நிர்வாகமும் சர்க்காரும் அந்தப் பிளவில் குளிர் காய்ந்தன. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்களைக் கருங்காலி என்று எழுதி முடித்துவிட்டவர்கள், தினப்படி அவமானப்படுத்திய கையை வேலைநிறுத்தத்தன்று மட்டும் பிடித்துக்கொள்ள ஏன் அவர்களுக்கு மனசு வரவில்லை என்று கேட்கவில்லை. சாதி வேலையை மட்டுமல்ல, வேலைக்காரர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கியது நம் புளியந்தோப்பில் பதினைந்து வருஷம் முன்னாலேயே நெருப்பாக எழுதப்பட்டிருந்தது. வெண்கலத்தில் நான்கு பேரும் ஒரே பாறையைத் தள்ளுகிறார்கள். மில்லுக்குள் அப்படித் தள்ளவில்லை. ராய் சௌத்ரியின் உழைப்பாளிக்குத் தசை இருக்கிறது, சாதி இல்லை. அதை ஒரு கனவு என்று எடுத்துக்கொண்டால் கும்பிடலாம். நடந்த கதை என்று எடுத்துக்கொண்டால் பொய்.

இரண்டாவதற்கு என்னிடம் வரலாறு தேவைப்படவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பகலும் ராத்திரியுமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பெண்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் நெம்பிய பாறைக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை.

*

இனி அவள் செய்ததைச் சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் காடாத் துணி வாங்கினாள். ஏழு துண்டாக வெட்டினாள். வேலை முடிந்து அம்மா வரும் நேரத்துக்கு வாசப்படியில் ஒரு துண்டை விரித்துவைப்பாள். அம்மா அதில் செருப்போடு ஒரு கால், செருப்பில்லாமல் ஒரு கால் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். ஏழு நாள், ஏழு துணி. அவ்வளவுதான் புராஜெக்ட்.

வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துணியைப் படிக்கத் தெரியும். கரித்தூள் இருக்கும், லாரி கிளப்பும் செம்மண் இருக்கும், காசிமேட்டு மீன்தண்ணி காய்ந்த வெள்ளை ஓரம் இருக்கும், சாக்கடைச் சேற்றின் பச்சை இருக்கும். 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவதை நிறுத்தச் சொல்லி ஐக்கோர்ட் உத்தரவு போட்டது. ராயபுரத்து மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணி கொஞ்சம் வெளுத்தது. கரி எண்ணூருக்குப் போனது. எங்கே போனாலும் அது ஏழை வீட்டுக் கொடியில்தான் விழுந்தது. எந்தத் தூள் எந்தக் கம்பெனியுடையது என்று துணிக்குத் தெரியாது. துணி வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நாலு துணி ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் தலித் அழகியல் என்று குதித்தேன். ராஜ் கௌதமன் 1993இல் ‘தலித் பண்பாடு’ எழுதிய காலத்திலிருந்து நாம் பேசிவருவது இதுதானே, அழுக்கென்று ஒதுக்கியதைக் கலகமாகத் திருப்பி வைப்பது. நாகபுரியில் பிறந்த சவி சவார்க்கர் கழுத்தில் எச்சில் கலயமும் இடுப்பில் துடைப்பமுமாகத் தீண்டப்படாதவரை வரைந்து டெல்லிக் காட்சிக்கூடத்தில் மாட்டவில்லையா? உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சாதியின் கால்தடம் என்று தலைப்பு. ‘ஒரு தலித் துப்புரவுத் தொழிலாளியின் மகளாகிய நான்’ என்று முதல் வரி. பக்கத்தில் அந்த ஒன்பதாம் நம்பர் பூட்ஸையும் வைத்துவிடு என்றேன்.

அவள் படித்தாள். மடித்தாள். “மாமா, இது உன் கட்டுரையா, என் புராஜெக்டா?” என்றாள்.

நான் பேசவில்லை. அவளே சொன்னாள். “அம்மா இன்னா வேல செய்றாங்கன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. மூணு வருசமா தெரியாது. ஒருத்தி அவ பாட்டியோட வீணையக் கொண்டாந்தா. ஒருத்தன் தாத்தா எழுதின லெட்டர்லாம் ஒட்டினான். அவுங்கள யாரும் இன்னா சாதின்னு கேக்கல. நான் இத வெச்சா ஒடனே கேப்பாங்க. கேக்காட்டியும் தெரிஞ்சிக்கினு போவாங்க.”

தோழர்களே, இதை நாம் யோசிக்கவேண்டும். வீணையும் சாதியைத்தான் சொல்கிறது, தாத்தாவின் கடிதக் கட்டும் சாதியைத்தான் சொல்கிறது. மூன்று தலைமுறைக்கு முன்னாலேயே அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்று சொல்கிறது. ஆனால் அது ‘நினைவு’, ‘பாரம்பரியம்’, ‘சொந்த அர்த்தம்’. அதே வகுப்பில் கால்தடம் வைத்தால் அது சாதிச் சான்றிதழ். ஒரே புராஜெக்ட், ஒரே மார்க். ஆனால் ஒருத்தி அலமாரியைத் திறந்தால் போதும், இன்னொருத்தி தன்னையே திறந்து காட்டவேண்டும். ‘உன் சொந்த அனுபவத்தைக் கொண்டுவா’ என்று சொல்கிற ஆசிரியர்களுக்கு இந்த விலை வித்தியாசம் தெரிவதில்லை. கலகம், கலகம் என்று எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. என் கட்டுரை அச்சானால் எனக்குப் பேர். அந்த வரி சுவரில் ஏறினால் மறுநாள் காலை கேன்டீனில் தனியாக உட்காரப்போவது அவள்.

ஹைடெக்கர் பூட்ஸுக்குள் ஒரு குடியானவப் பெண்ணைத் திணித்தார் என்று எழுதினேன் அல்லவா? நான் துணிக்குள் ஒரு தலித்தைத் திணித்தேன். உண்மையாகவே அங்கே தலித் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். அதனாலேயே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும்.

*

அம்மாவிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. மகள் ஏதோ பரீட்சைக்குச் செய்கிறது என்று தினமும் காலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அஞ்சாவது நாள் அவள் உட்காரவைத்துச் சொன்னாள். இத சுவத்துல மாட்டுவாங்கம்மா, ஜனங்க வந்து பாப்பாங்க.

“என் கால் அழுக்க ஊருக்குக் காட்டப்போறியா?”

அப்புறம் ரெண்டு நாள் துணி விரிக்கவில்லை.

மதுரை ஜவகர்லால்புரத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் எம். பழனிகுமாரை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் மீன் விற்ற தாயின் மகன். கடன் வாங்கி அந்த அம்மா வாங்கிக்கொடுத்த கேமராவில் தொடங்கியவர். 2017இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் அந்தக் குடும்பங்களைப் படமெடுத்தவர். மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம், 2014இல் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023இல் அதை முப்பது லட்சமாக்கி இன்னொரு தீர்ப்பு. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு எடுக்கப் படம் இருக்கிறது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தன் அம்மா மீன் விற்கிற வாழ்க்கையையும் எடுத்தார். துப்புரவுத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். பாதிக்கப்பட்டவரை எடுப்பது ஒரு காரியம், அவர் கையில் கேமராவைக் கொடுப்பது வேறு காரியம். இரண்டாவதில் எதைக் காட்டுவது என்பதோடு எதைக் காட்டாமல் விடுவது என்பதும் அவர்கள் கைக்குப் போகிறது. எதைக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிக்கிற உரிமை நமக்கு இருந்ததே இல்லை. நம்மை எப்போதும் முழுசாகக் காட்டிவிட்டார்கள், நம் எழுத்திலேயே சில நேரம் நாமும் காட்டிவிட்டோம்.

ரெண்டு நாள் கழித்து அம்மாவே ஒரு நிபந்தனை சொன்னார். “ஆறு துணி நீ கேட்ட மாரி. ஏழாவது நான் சொல்ற மாரி.”

ஏழாவது நாள் வேலையிலிருந்து வந்தார். துணியைத் தாண்டி உள்ளே போனார். குளித்தார். மஞ்சள் தேய்க்கவில்லை, ஒன்றும் தேய்க்கவில்லை, சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவினார். ஈரக்காலோடு வந்து துணியின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்றார். ஈரத்தில் இரண்டு பாதம் நன்றாகத் தெரிந்தது, ஐந்து விரலும் தெரிந்தது. விசிறிக் காற்றில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோனது. துணி வெள்ளையாக இருந்தது.

அதை அப்படியே ஏழாவதாக மாட்டினாள். தலைப்பு ‘வாசல்’. கீழே குறிப்பு ஒன்றும் இல்லை, ஏழு தேதி மட்டும். பூட்ஸ் பரணிலேயே இருந்தது.

வந்து பார்த்த ஆசிரியர் ஆறு துணியை ரொம்ப நேரம் பார்த்தாராம். இது யார் கால் என்று கேட்டாராம். “எங்கம்மா” என்றாளாம். என்ன வேலை என்று கேட்டதற்கு, “காலைல அஞ்சு மணிக்குப் போற வேல சார்” என்றாளாம். ஏழாவதைப் பார்த்து, இது முடிக்கவில்லையே என்றாராம். முடித்ததுதான் சார் என்று இவள் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மார்க் ஷீட்டில் ‘ஏழில் ஒன்று செய்யப்படவில்லை’ என்று குறைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. முதல் ஆறைப் பாராட்டி எழுதியிருந்தார். அழுக்கில் அவருக்கு அர்த்தம் கிடைத்தது. கழுவின காலில் கிடைக்கவில்லை.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கு நம் அழுக்கைப் பார்க்கக் காட்சிக்கூடங்கள் தயார். அதற்கு விருது உண்டு, கட்டுரை உண்டு, பெருமூச்சும் உண்டு. நாம் கழுவிக்கொண்டு வந்து நின்றால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்கள். வான்கோவின் பூட்ஸ் யாருடையது என்று நூறு வருஷம் சண்டை போடலாம், அதைப் போட்டவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. இந்த அம்மா வந்து பதில் சொன்னார். ஆறு நாள் நீ பார்த்தது என் வேலை, ஏழாவது நாள் நிற்பது நான் என்றார். அதை முடிக்காத துணி என்று படிக்கிற கண்ணைத்தான் நம் கலைப்படிப்பு உண்டாக்கி வைத்திருக்கிறது. தலித் விமர்சனம் முதலில் திருத்தவேண்டிய கண் அது. என் கண்ணும் அதில் சேர்த்தி.

குறைத்த மார்க்குக்கு மறுமதிப்பீடு கேள் என்றேன். பணம் கட்டணும் மாமா, வுடு என்றாள். துணிகள் இப்போது எங்கே என்று கேட்டேன். ஆறையும் மடித்துப் பரணில் பூட்ஸுக்குள் வைத்திருக்கிறாளாம். ஏழாவதை அம்மா எடுத்துத் தலையணைக்கு உறை தைத்துவிட்டார்.